குடலில் உறையும் ஒட்டுண்ணிகளும் அவற்றைக் கண்டறிந்த வரலாறும்

வரலாறு என்றதும் அரசரும் போர்களும் உடன்படிக்கைகளும் மாணவர் நினைவுக்கு வருதல் இயல்பு. வரலாற்றாசிரியனாகிய யானும் இருபது ஆண்டுகளாக அவற்றையே பெரிதும் கற்பித்து வந்துள்ளேன். ஆயின் சென்ற மாரி வெள்ளாமைக் காலத்தில் என் தாய்மாமனிடம் வைத்தியர் ஒருவர் கேட்ட கேள்வியொன்று, இரண்டு மில்லிமீற்றர் அளவேயான ஒரு புழுவின் வரலாற்றைத் தேடிப் படிக்குமாறு என்னை ஏவியது.

மாமன் நாவிதன்வெளியைச் சேர்ந்தவர், அறுபத்தெட்டு வயதினர், சிறுபராயந்தொட்டு வட்டையிலும் வாடியிலும் வாழ்நாளைக் கழித்தவர். சிறுநீரக நோயினால் அவருக்கு முகமும் காலும் வீங்கின. உடலின் எதிர்ப்பாற்றலை அடக்கும் பிரெட்னிசொலோன் குளிசைகளை நெடுநாள் உட்கொள்ள நேருமென வைத்தியர் கூறினார். கூறியவர், குளிசையை எழுதுமுன், "வயலுக்குள் வெறுங்காலுடன் இறங்குவதுண்டா?" என்று வினவினார். மாமன் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "செருப்போட வட்டைக்குள்ள இறங்குறவன் ஆரு மருமகன்?" என்றார். அதற்குச் சில வாரங்களின் முன் வேறோரிடத்திற் செய்த மலப் பரிசோதனையின் முடிவுத் துண்டு என் கையில் இருந்தது. புழுவோ முட்டையோ காணப்படவில்லை என அதில் எழுதப்பட்டிருந்தது. அதனை யான் நீட்டினேன். வைத்தியர் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது போதாது" என்றார்.

ஏன் போதாது என்பதே இக்கட்டுரையின் பொருள். அதற்கு விடை காண ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லல் வேண்டும்.

குடலிற் புழு உண்டு என்பதை மனிதர் பன்னெடுங் காலமாக அறிவர். நம் முன்னோர் வாய்விளங்கமும் ஆமணக்கெண்ணெயும் கொடுத்துப் 'பூச்சி' போக்கினர். ஆயினும் அவர் அறிந்தவை கண்ணுக்குத் தெரியும் புழுக்களே. கண்ணுக்குப் புலனாகாதவற்றை நுணுக்குக்காட்டி காட்டித் தந்த பின்னரும், அவற்றைப் பெரும்பாலும் இறந்தோர் உடலிலேயே வைத்தியர் கண்டனர். இத்தாலிய நாட்டு டுபினி என்பார் 1838ஆம் ஆண்டில் மிலான் நகரில் ஒரு குடியானவப் பெண்ணின் சடலத்தை அறுத்து ஆராய்ந்தபோதே கொழுக்கிப்புழுவைக் கண்டார். உயிரோடிருப்பவனின் மலத்தில் அப்புழுவின் முட்டையைக் கண்டு நோயை நிச்சயிக்கலாம் என்பதை கிராசி முதலிய இத்தாலியர் 1878இல் எடுத்துக் காட்டினர். நாற்பது ஆண்டு இடைவெளி! இன்று எந்தச் சிறு வைத்தியசாலையிலும் நடைபெறும் மலப் பரிசோதனைக்கு அதுவே தொடக்கம். முட்டையைத் தேடுக, முட்டை இருப்பின் புழு உண்டு, இல்லையேற் புழு இல்லை. இவ்விதி கொழுக்கிப்புழுவுக்கும் வட்டப்புழுவுக்கும் பொருந்திற்று. ஆயின் எல்லாப் புழுவும் இவ்விதிக்குக் கட்டுப்படவில்லை.

அதற்கு இரண்டாண்டு முன்னர், 1876இல், பிரான்சின் தூலோன் துறைமுகத்துக் கடற்படை வைத்தியர் லூயி நோர்மான் என்பார், கொச்சின்சீனாவிலிருந்து தீராத வயிற்றோட்டத்துடன் திரும்பிய போர்வீரரின் மலத்தைச் சோதித்தார். கொச்சின்சீனா என்பது இன்றைய வியட்நாமின் தென்பகுதி. அங்கே நோர்மான் கண்டது முட்டையன்று, நெளியும் குடம்பி. முட்டை குடலுக்குள்ளேயே பொரித்து விடுதலால் குடம்பியாகவே அது வெளிவந்தது. அவருடைய நண்பர் பாவே அதற்குப் பெயரிட்டு விவரித்தார். இன்று அதன் பெயர் ஸ்ரொஞ்சிலோயிடிஸ் ஸ்ரேர்கொராலிஸ். நாவுக்கு எளிதன்றாதலால், இனி இக்கட்டுரையில் அதனை நூற்புழு என்றே குறிப்பேன்.

நோர்மான் தாம் கண்ட புழுவே கொச்சின்சீன வயிற்றோட்டத்தின் காரணம் என்றார். ஆயின் பிறர் தேடியபோது, யாதொரு நோயுமின்றி உண்டு உறங்கி உழைப்போர் மலத்திலும் அது காணப்பட்டது. எனவே அது தீங்கற்ற விருந்தாளி என்ற கருத்து வலுப்பெற்றது. இருசாராரும் ஓரளவு சரியாகவே கூறினர் என்பது எண்பது ஆண்டுகளின் பின்னரே தெளிவாயிற்று. வலிய உடம்பில் அப்புழு அடங்கிக் கிடக்கும். உடம்பின் காவல் தளர்ந்தபோதே அதன் மெய்யுரு வெளிப்படும். ஒரே புழுவைப் பற்றி இருவேறு தீர்ப்புகள் எழுந்தமைக்குக் காரணம் புழுவன்று, அதனைத் தாங்கிய உடம்பே.

இத்தகைய புழு உடலுள் எவ்வாறு புகுகின்றது? உண்ணும் உணவாலும் பருகும் நீராலும் என்றே நெடுங்காலம் நம்பினர். எகிப்திலே கெய்ரோ நகரில் ஆராய்ச்சி செய்த ஆர்தர் லூஸ் என்னும் செர்மானிய அறிஞர், கொழுக்கிப்புழுக் குடம்பிகள் கலந்த நீரைத் தவறுதலாகத் தம் கையிற் சிந்தினார். தோல் சிவந்து அரித்தது. பின்னர் அவர் மலத்திலேயே அப்புழுவின் முட்டைகள் காணப்பட்டன. 1898இல் இச்செய்தியை வெளியிட்டபோது பலர் நம்பவில்லை. குடம்பி தோலைத் துளைத்துக் குருதியோடு நுரையீரலை அடைந்து, தொண்டைவழி விழுங்கப்பட்டுக் குடலைச் சேர்கின்றது. நூற்புழுவின் வழியும் அதுவே. வெள்ளாமைக்காரர் கால் விரலிடுக்கில் உண்டாகும் அரிப்பையெல்லாம் சேற்றுப்புண் என்று சொல்லி மஞ்சள் தடவி விடுவோம். அவற்றுள் எத்தனை உண்மையிற் சேற்றுப்புண், எத்தனை இத்தகைய நுழைவாயில் என்பதை எவர் அறிவார்?

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1916ஆம் ஆண்டில் அமெரிக்க றொக்பெல்லர் நிறுவனத்தின் பன்னாட்டுச் சுகாதாரப் பிரிவு, இலங்கையில் மாத்தளைப் பகுதித் தோட்டங்களிற் கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கிற்று. தென்னிந்தியாவினின்றும் வந்த தமிழ்த் தொழிலாளரின் மலம் நுணுக்குக்காட்டியின் கீழ் வைக்கப்பட்டது. பரிசோதிக்கப்பட்டோரிற் பெரும்பாலோர் புழுவுடையோராயிருந்தனர். கெனோப்போடியம் எண்ணெய் கொடுக்கப்பட்டது. மலகூடங்கள் கட்டுமாறு துரைமார் வற்புறுத்தப்பட்டனர். நற்பணியே, அதனை மறுப்பதற்கில்லை. பின்னர் 1926இற் களுத்துறையில் அமைந்த சுகாதாரப் பகுதி போன்ற முயற்சிகளுக்கும் அவ்வியக்கமே வழிகோலியது. எனினும் வரலாற்று மாணவன் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். முதலில் நோக்கப்பட்டவன் தோட்டத் தொழிலாளி. ஏனெனில் அவன் குருதி குறைந்தாற் தேயிலை குறையும். அதேபோன்று 1917இல் சுமாத்திராத் தோட்டப் பகுதி வைத்தியர் பேர்மான் மண்ணிலுள்ள குடம்பிகளைப் பிரித்தெடுக்கும் புனல் முறையைக் கண்டார். துணியிற் பொதிந்த மண்ணை இளஞ்சூட்டு நீரின்மேல் வைத்தால், குடம்பிகள் சூட்டை நாடி நீருக்குள் இறங்கிப் புனலின் அடியிற் சேரும். எளிய முறை, இன்றும் மலத்தில் நூற்புழுக் குடம்பியைத் தேட அது பயன்படுகின்றது. நோர்மானுக்குப் போர்வீரன், பேர்மானுக்குத் தோட்டக் கூலி. யாருடைய உழைப்பு பிறருக்கு வேண்டியிருந்ததோ, அவர் மலமே முதலில் நுணுக்குக்காட்டியை அடைந்தது. தன் வயலைத் தானே உழுத கமக்காரனை அவசரப்பட்டு நோக்க யாருக்கும் தேவையிருக்கவில்லை.

கொழுக்கிப்புழு சில ஆண்டுகள் வாழ்ந்து மடியும். புதிய குடம்பி புகாவிடின் நோய் தானே நீங்கும். நூற்புழுவோ அவ்வாறன்று. அதன் குடம்பிகளிற் சில குடலை விட்டு வெளியேறு முன்னரே முதிர்ந்து, குடற்சுவரையோ ஆசனவாயிலின் தோலையோ துளைத்து, அதே உடலினுள் மீண்டும் புகுந்து சுற்றி வருகின்றன. ஹம்பேர்க் நகர அறிஞர் பூலபோர்ன் முதலியோர் 1920களில் இதனை விளக்கினர். வெளியிலிருந்து எதுவும் புகாமலே, தலைமுறை தலைமுறையாக ஒரே உடலிற் குடியிருக்க வல்லது இது.

எத்தனை ஆண்டு குடியிருக்கும்? அதற்கான விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் யப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்குமிடையே 415 கிலோமீற்றர் நீள இரும்புப்பாதையைப் போர்க்கைதிகளைக் கொண்டும் ஆசியத் தொழிலாளரைக் கொண்டும் அமைத்தனர். அக்கைதிகள் சேற்றிலும் மழையிலும் வெறுங்காலுடன் உழைத்தனர். போர் முடிந்து முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பின், இங்கிலாந்தின் லிவர்பூலில் அத்தகைய முன்னாட் கைதிகளைச் சோதித்தபோது, நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேலாக நூற்புழு உடையோராகக் காணப்பட்டனர். இம்முடிவு 1979இல் வெளியாயிற்று. மறுவாண்டு அவுஸ்திரேலியாவில் வெளியான ஆய்வில், அப்பாதையில் உழைத்தோரில் நாலில் ஒருவருக்கும் மேல் அப்புழு இருந்தது. இங்கிலாந்தின் குளிர் மண்ணில் அப்புழு பரவும் வாய்ப்பில்லை. ஆகவே முப்பது ஆண்டுகளுக்கு முன் சயாம் நாட்டுச் சேற்றிற் காலில் ஏறியதே அது.

அப்பாதையில் வேலை செய்த ஆசியத் தொழிலாளர் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டவர். அவருட் பல்லாயிரவர் மலாயாவின் றப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர். அதே சேறு, அதே மழை, அதே வெறுங்கால். கைதிகளிலும் கூடிய விகிதத்தில் அவர் மாண்டனர் என வரலாற்றாசிரியர் எழுதுவர். எஞ்சித் தோட்டம் திரும்பியோரின் குடலில் என்ன இருந்ததென்று எண்ணும்போது, முன்னர்க் கூறிய கருத்தே மீண்டும் மனத்தில் உறுத்துகின்றது.

இதுகாறும் அடங்கிக் கிடந்த புழு கொலைகாரனாக மாறிய கதை ஒரு நல்ல மருந்திலிருந்து தொடங்குகின்றது. 1948இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் ஹென்ச் என்பாரும் அவர் குழுவினரும், மூட்டுவாதத்தால் எழமுடியாதிருந்த ஒரு பெண்ணுக்குக் கோட்டிசோன் என்ற பொருளை ஏற்றினர். சில நாள்களில் அவர் நடந்தார். 1950இல் ஹென்ச், கெண்டல், றைக்ஸ்ரைன் மூவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. ஈளை, மூட்டுவாதம், சிறுநீரக நோய், தோல்நோய், புற்றுநோய், உறுப்பு மாற்றுச் சிகிச்சை என அவ்வினத்து மருந்துகள் இன்று இன்றியமையாதன. உடலின் நிர்ப்பீடனத்தை, அதாவது நோயெதிர்க்கும் ஆற்றலை, அடக்குவதே அவற்றின் செயல். 1966இல் பிரேசில் நாட்டு வைத்தியர் மூவர், அம்மருந்து பெற்றுவந்த நோயாளர் சிலர் நூற்புழுவால் இறந்தமையை வெளியிட்டனர். காவல் தளர்ந்ததும் புழு உடலினுள் சுற்றும் வேகம் பன்மடங்காயிற்று. குடம்பிகள் ஆயிரக்கணக்கிற் குடற்சுவரைத் துளைத்தன. துளைத்துச் செல்கையிற் குடலிலுள்ள பற்றீரியாக்களையும் குருதிக்குள்ளும் நுரையீரலுக்குள்ளும் மூளையுறைக்குள்ளும் கொண்டு சென்றன. நோயாளி இறந்தது பற்றீரியா நஞ்சேற்றத்தால் என்றே மேலோட்டமாகத் தோன்றும். எத்தனை மரணச் சான்றிதழ்கள் அவ்வாறு எழுதப்பட்டனவோ!

ஈண்டே கண்டறிதலின் உண்மையான இடர் தோன்றுகின்றது. அடங்கிக் கிடக்கும் காலத்தில் நூற்புழு மிகச் சில குடம்பிகளையே, அதுவும் ஒழுங்கின்றி, வெளியிடும். ஒருநாள் வரும், பல நாள் வராது. ஒரேயொரு மாதிரியை ஒரு கண்ணாடித் தட்டில் நோக்கினால், புழுவுடையோர் பத்துப் பேரில் ஏழு பேர் வரை தப்பிவிடக் கூடும். மாமனின் துண்டில் எழுதப்பட்டிருந்தது பொய்யன்று. அன்று அத்தட்டிற் காணப்படவில்லை என்பதே அதன் பொருள். இதற்கு மாறாக, எதிர்ப்பாற்றல் குலைந்து நோய் முற்றிய நிலையில், மலத்திலும் சளியிலுங்கூடக் குடம்பிகள் மொய்த்துக் கிடக்கும். புதிதாக வேலைக்கு வந்த பரிசோதகனும் கண்டுவிடுவான். காண்பது எளிதாகும் அவ்வேளையிற் காப்பாற்றுவது அரிதாகிவிடுகின்றது. ஆதலின் தேட வேண்டிய காலம், தேடுவது கடினமான காலமே.

குருதியில் ஒரு குறிப்பு உண்டு. புழு உடலில் இருக்குங்கால் இயோசினோபில் எனும் வெண்குருதிக் கலங்கள் பெருகுதல் வழக்கம். ஆயின் பிரெட்னிசொலோன் போன்ற மருந்துகள் அக்கலங்களையே குறைத்துவிடும். எனவே மருந்து தொடங்கிய பின் குருதியைச் சோதித்து அக்கலம் குறைவு, புழு இல்லை என முடிவுகட்டுதல் தவறாகும். புழுவுக்கெதிராகக் குருதியில் உண்டாகும் பிறபொருளெதிரிகளைக் காணும் சோதனையும் உண்டு. அது மலப் பரிசோதனையிலும் கூர்மையானது. எனினும் நிர்ப்பீடனம் மிகத் தளர்ந்தோரில் பிறபொருளெதிரிகளே போதிய அளவு உண்டாகாமையால், அதுவும் கைவிடக்கூடும்.

எஞ்சியது பொறுமை. வெவ்வேறு நாளில் எடுத்த பல மாதிரிகளை நோக்குதல். பேர்மான் புனலிற் பிரித்தெடுத்தல். இவற்றோடு 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் யப்பானிய அறிஞர் செப்பஞ்செய்த ஏகார்த் தட்டு முறை. கடற்பாசியிலிருந்து பெறும் ஏகார்க் கூழின்மேல் சிறிதளவு மலத்தை வைத்து மூடி இரண்டு நாள் விட்டுவிடுவர். குடம்பி இருப்பின் அது கூழின்மேல் ஊர்ந்து செல்லும். ஊரும்போது ஒட்டிய பற்றீரியாக்கள் அத்தடத்திலே முளைத்துக் கோலமிட்டாற்போற் காட்சி தரும். புழுவைக் காணாவிடினும் அதன் காலடியைக் காணலாம் (காலில்லாத உயிருக்குக் காலடி என்பது என் சொற்பிழை, மாணவர் பொறுப்பாராக). இம்முறைக்கு மாதிரி புதியதாயிருத்தல் வேண்டும். குளிரூட்டியில் வைத்தலாகாது, வைத்தாற் குடம்பி செயலிழக்கும். இன்னொரு பொறியும் உண்டு. மாதிரி ஒருநாள் கிடந்து பழுதானால், கொழுக்கிப்புழுவின் முட்டைகளும் பொரித்துவிடும்; அக்குடம்பியையும் நூற்புழுக் குடம்பியையும் வாய்க்குழியின் நீளங்கொண்டு பிரித்தறியப் பயிற்சி பெற்ற கண் வேண்டும். கிட்டங்கிப் பாலத்தின்மேல் வெள்ளம் பாயும் மார்கழியில், நாவிதன்வெளியிலிருந்து கல்முனைக்கு ஒரு புட்டியைப் புதிதாகக் கொண்டு சேர்ப்பது எத்தகைய காரியமென்பதை அப்பகுதியார் அறிவர்.

இங்கு இன்னோர் ஒட்டுண்ணியையும் சுருங்கக் கூறல் தகும். அதன் வரலாறு வேறொரு பாடத்தைத் தருகின்றது. கிரிப்தொஸ்போரிடியம் என்பது புழுவன்று, ஒருகல உயிர். 1907இல் அமெரிக்க அறிஞர் ரைசர் அதனை எலியிற் கண்டார். எழுபது ஆண்டுகளாக விலங்கு வைத்தியர் தவிர எவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1976இல் முதன்முதலாக மனிதரில் இருவரிடம் அது காணப்பட்டது. ஒருவர் மூன்று வயதுக் குழந்தை, தானே குணமடைந்தது. மற்றவர் நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்து பெற்றுவந்த மாடு வளர்ப்பாளர். இருவரிலும் குடலின் துண்டை வெட்டியெடுத்தே கண்டனர். 1982இல் எயிட்ஸ் நோயாளர் இருபத்தொருவர் அதனால் ஓயா வயிற்றோட்டமுற்றனர் என்ற அறிக்கை அமெரிக்காவில் வெளியாயிற்று. அப்போது கைகொடுத்தது கன்றுகளின் சாணத்தைச் சோதிப்பதற்கு விலங்கு வைத்தியர் 1981இல் வெளியிட்ட சாயமுறை. காசக்கிருமியைக் காணப் பயன்படும் சீல்–நீல்சன் சாயத்தைச் சிறிது மாற்றியமைத்தால், நாலைந்து மைக்கிரோமீற்றரேயான அவ்வுயிர் நீலப் பின்னணியில் செம்புள்ளியாகத் தோன்றும். சாயமிடாத தட்டில் அது நொதியக் கலம்போற் கிடந்து கண்ணை ஏமாற்றும். அதாவது, சாயமிடுமாறு எவரேனும் கேட்டாலன்றி அது காணப்படாது.

தமிழகத்தின் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியார் 1985இலேயே தென்னிந்தியக் குழந்தைகளில் அவ்வுயிர் உண்டென்பதை வெளியிட்டனர். வயிற்றோட்டமுடைய குழந்தைகளில் மட்டுமன்றி நலமுடைய குழந்தைகளிலும் அது காணப்பட்டமை குறிப்பிடத்தக்கது. மறுவாண்டு, 1986இல், சென்னையில் சுனிதி சொலமன் அம்மையாரும் அவர்தம் மாணவி நிர்மலாவும் சேகரித்த குருதி மாதிரிகள் அதே வேலூரிற் சோதிக்கப்பட்டபோதே இந்தியாவில் எச்.ஐ.வி. உண்டென்பது முதன்முதலாக வெளிப்பட்டது. ஒட்டுண்ணி முன்னரே அங்கிருந்தது. காவலைத் தளர்த்தும் நோய் பின்னர் வந்து சேர்ந்தது. நோர்மானின் காலத்து வழக்கே இது: உயிர் ஒன்று, உடம்பு இரண்டு. இவ்வொட்டுண்ணிக்கு, எயிட்ஸ் நோயாளரில் உறுதியாகக் கைகொடுப்பது இன்றளவும் எச்.ஐ.வி.யை அடக்கி நிர்ப்பீடனத்தை மீட்கும் மருந்துகளே.

நூற்புழுவுக்கோ மருந்து உண்டு. ஐவர்மெக்ரின் என்னும் அம்மருந்துக்கு மூலமான ஆராய்ச்சிக்காக ஒமுரா, கம்பெல் இருவரும் 2015இல் நோபெல் பரிசு பெற்றனர். பாடசாலைகளில் நம் பிள்ளைகளுக்கு வழங்கும் புழுக்குளிசையான மெபெண்டசோல் நூற்புழுவுக்குப் போதியதன்று. இலங்கையில் 2017இல் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளிடையே நிகழ்ந்த தேசிய ஆய்வு, மண்வழிப் பரவும் குடற்புழுக்கள் நூற்றுக்கு ஒருவரளவிற்குக் குறைந்துவிட்டன எனக் காட்டிற்று. மாத்தளையில் 1916இல் தொடங்கிய நீண்ட பயணத்தில் அது பெருமைக்குரிய எல்லைக்கல். ஆயினும் அவ்வகை ஆய்வுகள் முட்டையை எண்ணுவன. நூற்புழு முட்டையிட்டு வெளியே அனுப்புவதில்லை. அவை பிள்ளைகளை நோக்குவன; அறுபதாண்டு சேற்றில் நின்ற பாட்டனார் அக்கணக்கிற் சேரார். 2020இல் கோவிட் நோயாளருக்கு டெக்சாமெதசோன் உலகெங்கும் கொடுக்கப்பட்டபோது, வெப்பநாடுகளில் வாழ்ந்தோருக்கு நூற்புழுவை நினைவிற் கொள்ளுமாறு வைத்தியர் எச்சரிக்க நேர்ந்தது. 2024இல் உலக சுகாதார நிறுவனம் இப்புழுவுக்கென ஐவர்மெக்ரின் வழங்குவது பற்றித் தனி வழிகாட்டி வெளியிட்டது. நோர்மான் கண்டு நூற்று நாற்பத்தெட்டு ஆண்டுகளின் பின்!

மாமனிடம் மூன்று வெவ்வேறு நாளில் மாதிரி பெறப்பட்டது. முதலிரண்டிலும் ஒன்றுமில்லை. மூன்றாவது தொலைவிலுள்ள ஓர் ஆய்வுகூடத்துக்கு அனுப்பப்பட்டு, அங்கே ஏகார்த் தட்டின்மேல் தடம் விழுந்திருந்தது. பழைய கிளினிக்குக் கொப்பிகளைப் புரட்டியபோது, பதினோர் ஆண்டுகளுக்கு முன்னரே இயோசினோபில் மிகுந்திருந்தமை ஒரு மூலையில் எழுதப்பட்டிருந்தது. அதனை யாரும் கேள்வியாக்கவில்லை. யானும் அக்கொப்பியைப் பலமுறை கையில் வைத்திருந்தவனே. புழு மருந்து முதலிலும், பிரெட்னிசொலோன் அதன் பின்னரும் கொடுக்கப்பட்டன. வீக்கம் வற்றியது. எத்தனை காலமாக அது உள்ளேயிருந்தது என்று மாமன் கேட்டதற்கு, உங்கள் இளமையிலிருந்தே இருக்கலாம் என்றார் வைத்தியர்.

முழங்கால் வரையான றப்பர்ச் சப்பாத்து ஒருசோடி கல்முனையில் வாங்கிக் கொடுத்தேன். சேற்றிற் புதைந்து காலை இழுக்க முடியவில்லையென்று வாடிக் கூரையில் அதனைச் செருகி வைத்துவிட்டு, பங்குனி அறுவடைக்கு மாமன் வெறுங்காலுடனேயே இறங்கினார்.